பெரியப்பாவின் பதக்கப் பெட்டி

உள்ளூர் மிளகாய்க்குப் பவுண் மதிப்பு வந்த அந்தக் காலம் என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. வெளியிலிருந்து மிளகாய் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. பாண் ரொட்டிக்குச் சனம் வரிசையில் நின்றது ஒரு பக்கம், மிளகாய் விற்ற காசில் எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடியது இன்னொரு பக்கம். முரசுமோட்டையில் நெல்லைத் தவிர வேறொன்றும் தெரியாத வயற்காரர்கள்கூட மேட்டுக்காணி தேடி அலைந்தார்கள். ஆடி மாதம் சோளகக் காற்று அடிக்கும்போது முற்றத்துப் பாய்களில் காயும் மிளகாயின் நெடி வீட்டுக்குள் வந்துவிடும். குசினியில் ஒருவர், அறையில் ஒருவர் என்று மாறி மாறித் தும்முவோம். தலையணை உறையில்கூட மிளகாய் மணக்கும். தெரியாமல் கண்ணைக் கசக்கினால் அன்றைய நாள் போச்சு.

அந்த ஆடி மாதத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். எழுத உட்காரும்போதே எரிச்சலாக இருக்கிறது. அறுபது தாண்டினாலும் அடங்காத எரிச்சல் ஒன்றிரண்டு உங்களிடமும் இருக்கும். என்னுடையது இது.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு முதிரை மர அலுமாரி நின்றது. அதன் மேல்தட்டில், அப்பாவின் நல்ல வேட்டிகளுக்குக் கீழே, ஒரு சிறிய மட்டைப் பெட்டி. அதற்குள் நாலு பதக்கங்கள். இரண்டு நட்சத்திர வடிவம், இரண்டு வட்டம். அப்பாவின் அண்ணர், என் பெரியப்பா, வெள்ளைக்காரரின் விமானப்படையில் சேர்ந்து, ஜெர்மன்காரரோடு நடந்த பெரிய சண்டைக்குப் போனவர். போனவர் போனதுதான். சண்டை முடிந்து சில வருசங்களின் பின் இந்தப் பெட்டி கப்பலில் வந்தது. அப்போது குடும்பம் யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்தது. அப்பா வயற்காணி கிடைத்து வன்னிக்கு வந்தபோது அலுமாரியோடு பெட்டியும் வந்தது. பெரியம்மாவும் வந்தா.

பதக்கங்களை மினுக்குவது என் வேலை. பழப்புளியும் அடுப்புச் சாம்பலும் கொண்டு, நாடாவில் படாமல் தேய்க்க வேண்டும். நட்சத்திரங்கள் பித்தளைக் குத்துவிளக்கின் நிறத்துக்கு வரும். வட்டங்கள் வெள்ளி மாதிரி, ஆனால் வெள்ளியில்லை. ஒரு வட்டத்தில் ஒரு பக்கம் ராசாவின் தலை, மறு பக்கம் இரண்டு தலையுள்ள ஒரு பூதப் பாம்பின் முதுகில் ஏறி நிற்கும் சிங்கம். அந்தப் பாம்பு எனக்குப் பாவமாக இருக்கும். நாடாக்களின் நிறமெல்லாம் மனப்பாடம். வாய்ப்பாடு மறந்தாலும் அது மறக்கவில்லை.

அரசாங்கக் கந்தோர்க்காரர், சங்கக்கடை மனேச்சர், தண்ணீர் திறக்கிற ஓவசியர் என்று யார் வந்தாலும் அப்பா பெட்டியை எடுப்பார். "அண்ணை பிளேன் ஓட்டினவர். வீரத்துக்குக் குடுத்தது இதெல்லாம்" என்பார். வந்தவர் நட்சத்திரத்தைக் கையில் எடுத்து நிறை பார்ப்பார். "பிறகு?" என்று கேட்பார். "திரும்பி வரேல்லை" என்று சொல்லிவிட்டு அப்பா பெட்டியை மூடுவார். அந்த நேரம் பெரியம்மா தேத்தண்ணித் தட்டத்தோடு கதவடியில் நிற்பா. தட்டத்தை அம்மா வாங்கிக்கொண்டு போவா. பெரியம்மா முன்னறைக்கு வருவதில்லை.

அவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்து ஒரு வருசம் ஆகமுன்னமே பெரியப்பா போய்விட்டார். பிள்ளை இல்லை. காணவில்லை என்று ஒரு தந்தி வந்தது. பிறகு, இறந்ததாகக் கொள்ளப்படுகிறது என்று இன்னொன்று. உடம்பு வரவில்லை, சாம்பலும் வரவில்லை. வீட்டில் எவரும் செத்தவீடு செய்யவில்லை. பெரியம்மாவின் பொட்டை அழிக்க ஒருவரும் வரவில்லை, வைக்கச் சொல்லவும் ஒருவரும் இல்லை. தானாகவே ஒருநாள் வைப்பதை விட்டுவிட்டாவாம். அதற்குப் பிறகு, அவரைத் தின்று முடித்தவள் என்று சொன்னவர்களும் உண்டு, அவர் உயிரோடு இருக்கப் பொட்டை அழித்தவள் என்று சொன்னவர்களும் உண்டு. ஒரே ஊரில், சிலவேளை ஒரே வாய். எங்கள் வீட்டில் விடிய எழும்பி அடுப்பு மூட்டி, மாட்டுக்குத் தண்ணி வைத்து, களைபிடுங்கி, மிளகாய் ஆய்ந்து, அவா ஐம்பது வயதுக்கு வந்திருந்தா.

அந்த வருசம் ஊர்க் கோயில் ஐயரிடம் பெரியம்மா ஏதோ கேட்டிருக்கிறா. உடம்பு கிடைக்காதவருக்கும் கிரியை செய்யலாம், தர்ப்பையில் உருவம் கட்டி, அவருக்கென்று வந்த பொருள் ஒன்றைச் சேர்த்துக் கடலில் விட்டால் போகும் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். ஒருநாள் மத்தியானம் அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது பெரியம்மா கேட்டா.

"தம்பி, அந்தப் பெட்டியில ஒண்டை எனக்குத் தாறியளோ? ஆடி அமாவாசைக்கு முல்லைத்தீவுக் கடலில அவருக்குச் செய்வம். நீங்கள்தான் வந்து செய்ய வேணும்."

அப்பா செம்பைக் கீழே வைத்தார். "ஆர் கண்டது மச்சாள் அவர் செத்ததை?"

"முப்பது வருசமாப் போச்சு தம்பி."

"நீங்கள் கண்டனீங்களோ? நான் கண்டனானோ? காணாமச் செய்யிற வேலையே இது?" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். வெய்யில் உச்சியில் நிற்கும்போது எவரும் வயலுக்குப் போவதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதே கிழமை கிளிநொச்சிக் கந்தோர் ஒன்றில் இருந்து ஒருவர் வந்தார். நீளக் காற்சட்டை, காதில் செருகிய பென்சில். குளத்துக்கு மேலே காடு வெட்டிக் காணி பிரிக்கப் போகிறார்கள் என்ற கதை ஊரில் உலாவியது. என் அண்ணாவுக்கு அதில் ஒரு துண்டு எடுத்துவிட வேண்டுமென்று அப்பா துடித்துக்கொண்டிருந்தார். வந்தவருக்கு இளநீர், முட்டைப் பொரியல், கடைசியில் பெட்டி. அவர் நாலு பதக்கத்தையும் மேசையில் பரப்பி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதைக் கொஞ்ச நாள் வைச்சுப் பாத்திட்டுத் தரட்டே? எனக்கு இப்பிடிச் சாமானில ஒரு பைத்தியம்."

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். இல்லையென்று சொல்ல வாய் போய், திரும்பி வந்தது. "அதுக்கென்ன, கொண்டுபோங்கோ" என்றார்.

எவ்வளவு எரிச்சல் பாருங்கள். முப்பது வருசம் காத்திருந்த மனிசிக்கு ஒன்று கொடுக்க முடியவில்லை. முட்டைப் பொரியல் தின்ன வந்தவருக்கு நாலையும் கொடுக்க முடிந்தது.

பெரியம்மா அதைக் கண்டுபிடித்தது மினுக்குகிற நாளில். "இண்டைக்குப் புளி எடுக்கேல்லையே மோனை?" என்று கேட்டா. பெட்டி இல்லையென்று சொன்னேன். யார் கொண்டுபோனது என்று கேட்டா. சொன்னேன். கையில் இருந்த மிளகாயைச் சுளகில் போட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவி, வெளுத்த சேலை ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தா. "வா" என்றா. அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தா. தடுக்கவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை.

றோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு லொறி வந்து நின்றது. எங்கள் பக்கத்து மிளகாயெல்லாம் எடுக்கிற முஸ்லிம் யாவாரி நானாவின் லொறி. எல்லாருக்கும் அவர் நானாதான்.

"எங்கக்கா இந்த வெய்யிலுக்க? ஏறுங்க."

பெரியம்மா முன்னுக்கு ஏறினா. போகும் வழியில் நானா கேட்டார், பெரியம்மா சொன்னா. எங்கள் வீட்டில் ஒருநாளும் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. நானா கேட்டபடியே லொறியை ஓட்டினார். கந்தோர் வாசலில் இறக்கிவிட்டு, "நீங்க கேக்கிறது நியாயம். சத்தமாக் கேளுங்க" என்றார்.

பெரியம்மா சத்தமாகக் கேட்கவில்லை. கந்தோருக்குள் ஐந்தாறு மேசை. எங்கள் ஆள் கடைசி மேசையில், பெரிய தாளில் கோடு கீறிக்கொண்டிருந்தார்.

"முரசுமோட்டையில இருந்து கொண்டுவந்த பெட்டியை வாங்க வந்தனான்."

"அது உங்கட வீட்டு ஐயா எனக்குத் தந்ததெல்லே அம்மா."

"அது அவரின்ரை இல்லை. என்ரை மனிசன்ரை."

அவர் பென்சிலை வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். "சரி, அப்ப சொல்லுங்கோ. ஒரு பதக்கத்திலையும் பேர் இல்லை. ஆரின்ரை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நாடா என்ன நிறம்? அதில என்ன படம்?"

பெரியம்மா வாய் திறந்தா. "நாலு" என்றா. "நாலு இருந்தது."

"நிறம்?"

கதவடியில் நின்று பார்த்த அவாவுக்கு நிறம் எப்படித் தெரியும்? கையில் ஒருநாள் வைத்துப் பார்த்ததில்லையே. எனக்குப் பொறுக்கவில்லை. நீலம், சிவப்பு, கறுப்புக் கரை, மஞ்சள் கோடு, சிங்கம், பாம்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அந்த மனிசன் சிரித்தார். மற்ற மேசைகளைப் பார்த்து, "சின்னப்பிள்ளைக்குத் தெரியுது, பெண்சாதிக்குத் தெரியேல்லை" என்றார். அவர்களும் சிரித்தார்கள்.

"பிளேன் ஓட்டின பெரிய வீரன்ரை மனிசி..." என்று அவர் தொடங்கினார்.

"அவர் ஓட்டேல்லை."

"என்ன?"

"ஓட்டேல்லை எண்டுறன். பிளேன் வாலுக்க இருந்து துவக்குச் சுடுறவர். அவரோட போய்த் திரும்பி வந்த பெடியன் ஒருத்தன் எங்கட வேலியடியில நிண்டு சொன்னவன். கண்ணாடிக் கூட்டுக்க தனிய இருக்க வேணுமாம். எல்லாரும் முன்னுக்குப் பாத்துக்கொண்டு போக, அவர் மட்டும் பின்னுக்குப் பாத்துக்கொண்டு போவாராம். குளிரில விரல் ஒட்டிப் போகுமாம். அவருக்குக் குளிர் ஒத்துவராது. மார்கழியில கிணத்தில குளிக்கவே அழுவார்."

சிரிப்பு நின்றது. நான் பெரியம்மாவையே பார்த்தேன். பெரியப்பா ஓட்டவில்லை என்பது எனக்குப் புதினம். அப்பாவுக்குத் தெரியுமா, தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த ஆள் லாச்சியைத் திறந்து பெட்டியை எடுத்து மேசையில் தள்ளினார். மூன்றுதான் இருந்தது. கறுப்புக் கரையும் வெளிர்நீலமுமாக நாடா வைத்த நட்சத்திரம் இல்லை.

"மற்றது?"

"கொழும்பில ஒரு கூட்டாளி பாக்கக் கேட்டவன். வரும்."

வரவில்லை. மற்ற மூன்றும் சண்டையில் எந்த முனையில் நின்றவர்களுக்கும் பொதுவாகக் கொடுத்தவை, அந்த ஒன்று மட்டும்தான் ஐரோப்பாவின் வானத்தில் பறந்தவர்களுக்குரியது என்று கனகாலத்துக்குப் பிறகு அறிந்தேன். வீரத்துக்கென்று கொடுத்தது ஒன்றுமேயில்லை. அன்று தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்போம்?

பஸ் வரும்வரை மரத்துக்குக் கீழே நின்றோம். பெரியம்மா ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பைச் சுற்றி விரலால் தடவினா. பெரியப்பாவுக்குக் கடிதம் போட்ட நாட்களில் உறையில் பார்த்துப் பார்த்து எழுதிய இங்கிலிஷ் எழுத்துகள் அவாவுக்குத் தெரியும். வேறு இங்கிலிஷ் தெரியாது. அந்த எழுத்துகளைத் தேடினா.

"உண்மையாத்தான் பேர் இல்லையோ?"

"இல்லை பெரியம்மா. ராசான்ரை பேர்தான் இருக்கு."

"ராசா ஏன், அவர் வீட்டிலதானே இருந்தவர்" என்றா. பிறகு பஸ் வந்தது.

வீட்டில் அப்பா முற்றத்தில் நின்றார். அதற்குள் யாரோ சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஆரைக் கேட்டுப் போனனீங்கள் மச்சாள்?"

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள் தம்பி?"

இவ்வளவு காலமும் பெரியம்மா அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அப்பா கத்தினார். பெடியன்ரை காணி போச்சு, கந்தோரில மானம் போச்சு, இந்த வீட்டில சோறு போட்டதுக்குக் கிடைச்ச நன்றி இதுதானோ என்றெல்லாம். அம்மா குசினிக்குள் இருந்து, "சோறு ஆறுது" என்றா. அந்தச் சண்டைக்குள் அம்மா சொன்னது அந்த ஒரு சொல்தான்.

பெட்டியைத் தரச் சொன்னார் அப்பா. அமாவாசை கழியத் தாறன் என்றா பெரியம்மா. "அப்ப நான் வரமாட்டன். எந்தக் கடலுக்கும் வரமாட்டன்" என்றார். வரவும் இல்லை.

காணி அண்ணாவுக்குக் கிடைக்கவில்லை. சாகும்வரை அப்பா அதைப் பெரியம்மாவின் தலையில்தான் போட்டார். அந்தக் கந்தோரில் வேலை செய்த ஒருவரைப் பின்னாளில் வவுனியாவில் சந்தித்தேன். அந்த ஆள் வெறும் படம் கீறுகிறவராம். காணி கொடுக்கிற பகுதிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். அப்பா ஒருவரிடமாவது விசாரித்திருக்கலாம். கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று நினைத்திருப்பார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் இருந்தோம், கேட்கக்கூடாத வீட்டில்.

ஆடி அமாவாசையன்று நானாவின் லொறியில் பெரியம்மாவும் நானும் முல்லைத்தீவுக்குப் போனோம். கடற்கரை முழுக்கச் சனம். தகப்பனுக்குச் செய்கிறவர்கள் ஈர வேட்டியோடு வரிசையாக இருந்தார்கள். எள்ளும் ஈர மணலும் கற்பூரமும் கலந்த மணம். நானா லொறியைத் தூரத்தில் விட்டுவிட்டு, "நீங்க போய் வாங்க, நான் இஞ்ச நிக்கிறன்" என்று தென்னைக்குக் கீழே குந்திக்கொண்டார்.

அங்கிருந்த ஐயர் இளந்தாரி. பெரியம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, "செய்யிறதுக்கு ஆர் வந்தது?" என்றார்.

"ஒருத்தரும் வரேல்லை ஐயா."

"சகோதரம்?"

"ஒரு தம்பி. அவர் வரேல்லை."

"ஆம்பிளை இல்லாம நான் எப்பிடி அம்மா செய்விக்கிறது?" அவருக்கும் சங்கடந்தான். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். பெரியம்மா அசையவில்லை. அலை வந்து சேலைக் கரையை நனைத்துவிட்டுப் போனது. ஐயர் தலையைச் சொறிந்தார். "சரி, பேரைச் சொல்லுங்கோ. ஒரு சங்கற்பம் சொல்லிவிடுறன். எள்ளை நீங்களே கடலில விடுங்கோ."

பெரியம்மா என்னைப் பார்த்தா. பெரியப்பாவின் பெயரை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரியம்மா சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. 'அவர்', 'இவர்' என்பாவே தவிரப் புருசன் பேர் அவாவின் வாயில் வராது. நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு, உடனேயே "வேண்டாம்" என்றா.

தானே சொன்னா. ஐயருக்குக் கேட்கவில்லை.

"என்ன பேர்? காத்துக்குக் கேக்கேல்லை அம்மா, பலத்துச் சொல்லுங்கோ."

திரும்பச் சொன்னா. அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் முறை, பெரியம்மா கடலைப் பார்த்துத் திரும்பி நின்று கத்தினா. தோணிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் வீட்டு ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, தகப்பன் பேரும் சேர்த்து முழுப் பேர். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எள்ளை விட்டா. சிங்கம் நின்ற வட்டத்தையும் விட்டா. விட்ட கையை வெகுநேரம் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தா. திரும்பி வந்தபோது பல்லுக் கிடுகிடுத்தது. நானா ஒரு மிளகாய்ச் சாக்கை உதறி அவாவின் தோளில் போர்த்தினார். வழி முழுக்கத் தும்மிக்கொண்டு வந்தோம்.

மிஞ்சிய இரண்டையும் அடுத்த நாள் பெரியம்மாவே அப்பாவின் மேசையில் வைத்தா. அப்பா எடுத்துப் பார்த்தார், இரண்டு குறைகிறதென்று கண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அவர் பெட்டியைக் காட்டி நான் பார்த்ததில்லை. பெரியம்மா எங்களோடுதான் இருந்தா, அதே அடுப்பு, அதே மாடு. பல வருசம் கழித்துக் காய்ச்சலில் போனா. அவாவுக்குக் கொள்ளி வைத்தது அப்பாதான். அலுமாரியும் பெட்டியும் கடைசி இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டன.

எங்கள் மண்ணில் நடந்த சண்டை முடிந்து வவுனியா முகாமில் இருந்தோம். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கூடாரத்துக்குள் தகிக்கும். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு தாய், மகனைத் தேடுகிறவள், அவனுடைய படத்தோடு நாள் முழுக்க வாசலில் இருப்பாள். செத்திருப்பான், கிரியையைச் செய் என்று ஆட்கள் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் கேட்டேன்.

"அப்பா, அண்டைக்கு ஏன் கடலுக்கு வரேல்லை?"

எந்தக் கடல் என்று அவர் கேட்கவில்லை.

"நான் செய்திருந்தா அண்ணை செத்தெல்லோ போயிருப்பார்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. இதைப் பெரியம்மாவிட்டை ஒருநாள் சொல்லியிருக்கலாமே, இவ்வளவு வருசம் ஒரே வீட்டில இருந்தனீங்களே என்று கேட்டேன்.

"அவா கேக்கேல்லையே" என்றார்.